கொப்பியர் எழுதிய குறை

நெடுந்தீவில் கொப்பியரைப் போல் எரிச்சலூட்டும் மனிதர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் பிறக்கவில்லை. முன்பெல்லாம் பிள்ளைப்பேறோ பாம்புக்கடியோ, ஊர் மருத்துவச்சியான என் படலையில்தான் ஆள் வந்து நிற்கும். எண்பத்தைந்தாம் ஆண்டளவில் அவர் முதலுதவி படித்துவிட்டு, எல்லாவற்றையும் குறித்துவைக்கக் கையில் ஒரு கொப்பியோடு வந்தார்; பெயரும் அதனால் வந்ததுதான். அதன்பிறகு என் படலையை ஆடுகள்தான் தட்டின.

நோயாளியை வள்ளத்தில் கடல் தாண்டிக் குறிகாட்டுவான் துறைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவது அவர் வேலை. அதற்கு மாதமொரு ஒத்திகை. நல்ல சுகத்தோடு இருக்கிற ஒருவரைச் சாக்கில் கட்டிய தூக்குப்படுக்கையில் கிடத்தித் துறைமட்டும் நாலுபேர் ஓடுவார்கள். இவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி பின்னால் ஓடுவார். ஒருமுறை குலுக்கலில், படுக்கையில் கிடந்த பள்ளிக்கூட வாத்தியார் சத்தி எடுத்தார். கொப்பியர் மகிழ்ந்துபோய் அதையும் எழுதினார்.

ஒவ்வொரு பயணமும் முடிய, தூக்கினவர்களை இருத்தி எங்கே பிழை விட்டோம் என்று கேட்பார். பாம்புக்கடிக்குத் தப்பி வந்தவரையும் விடவில்லை.

"எங்களிலை என்ன குறை கண்டனீங்கள்?"

"நீர் வழி முழுக்கக் கதைச்சுக்கொண்டு வந்ததுதான்."

அதையும் எழுதினார். முப்பது வருடத்தில் என் கையால் ஒரு பிழையும் நடந்ததில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு மத்தியானம், பக்கத்து வளவு ராணிக்கு என் கையில் பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. கொப்பியரைக் கூப்பிடச் சொல்லி ராணியின் தாய் அழுதாள்.

"பொறு, நானே நிப்பாட்டுவன்," என்றேன்.

ராணியின் உதடு வெளிறிய பிறகுதான் ஆளனுப்பினேன். வந்தவர் என்னைக் குறை சொல்லவில்லை. வயிற்றை எப்படி அழுத்திப் பிடிப்பது என்று எனக்கே காட்டித்தந்து, வள்ளத்தில் கடல் முழுக்க என்னைப் பிடிக்கவைத்தார். ராணி தப்பினாள்.

திரும்பி வந்ததும் கொப்பியைத் திறந்தார்.

"அக்கா, எங்கை பிழை விட்டனாங்கள்?"

"பிந்திக் கூப்பிட்டனான், தம்பி."

என் வாயால் நான் சொன்ன முதல் குறை அதுதான். அவர் எழுதி, கொப்பியை என்னிடம் நீட்டினார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'அரை மணித்தியாலம் பிந்தியது. காரணம்: நான் ஒருநாளும் அக்காவிடம் போய்க் கதைக்கவில்லை.'

என் தொழிலைத்தான் பறித்தார் என்றால், என் பிழையையும் பறித்துக்கொண்டார் அந்த மனிதர்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் பிள்ளைப்பேற்று நோவு கண்டாலும் தண்ணீர் கொதிக்க முதலே நான் அவருக்கு ஆளனுப்பிவிடுவேன். வேறு யாரும் முந்திக் கூப்பிட்டால் எனக்குப் பொறுக்காது.