ஆறாம் மாடியில் ஓர் இருமல்

இரண்டு வாரத்துக்கு ரான்ஹீயின் கைகள் தோளுக்கு மேலே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன அந்தக் கணமே, அவள் கணவர் பியோங்மான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டில் அவள் தோளுக்கு மேலே இருப்பதெல்லாம் இனி அவருடைய ராஜ்யம்.

ரான்ஹீ கொரியாவின் இஞ்சியோன் நகரில் இருபது வருஷமாக சலூன் நடத்துகிறவள். ஊரார் தலைக்கு மேலே தூக்கிய கையை இறக்காதவள். நாற்பத்தேழாவது வயதில், யாரையும் கேட்காமல், மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். இப்போது நெஞ்சைச் சுற்றி இறுக்கமான கட்டு. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, மல்லாந்தே தூக்கம். புரளக் கூடாது, கெட்டிலைத் தூக்கக் கூடாது. வீட்டில் புகை ஆகவே ஆகாது, புண் ஆறாது.

தையல் ஆறும்வரை சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று ஆஸ்பத்திரியிலேயே சத்தியம் செய்தார் பியோங்மான். ஆறாம் மாடியிலிருந்த வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைச் சமையலறை அலமாரியின் உச்சியில், பெரிய பானைக்குப் பின்னால் ஒளித்தார்.

மூன்று நாள் ராஜ்யம் நன்றாகவே நடந்தது. கடற்பாசி சூப் வைத்தார். வீக்கம் வடிய பூசணிச் சாறு கொடுத்தார். அவள் தலைக்கு ஷாம்பு போட்டு, காது நிறைய நுரையை விட்டார். மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததும் ஒரு சிகரெட்டை உருவிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் வந்தார்.

நாலாம் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்தால், பாக்கெட் ஒரு தட்டு கீழே, கிண்ணங்களுக்கு நடுவில் இருந்தது. மறதி என்று மறுபடி உச்சிக்கு ஏற்றினார். மறுநாள் அது மைக்ரோவேவ் மேல் நின்றது. அதற்கு மறுநாள் அவருடைய ஷூவுக்குள் கிடந்தது.

வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை. அவளா? டீ டப்பாவை எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தார். முழங்கை பாதி எழும்புவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. அது நடிப்பில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சாத்திய படுக்கையறைக்குள்ளிருந்து, வறண்டு, அடக்கி அடக்கி, ஒரு கிழவனின் இருமல் போல. பியோங்மானுக்கு முதுகு சில்லிட்டது. முன்பு இங்கே குடியிருந்த பெரியவர் நுரையீரல் கெட்டு அதே அறையில்தான் செத்தார் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தார். சத்தம் நின்றது. ரான்ஹீ கண்ணை மூடிக் கிடந்தாள். கன்னம் ஈரமாக இருந்தது.

"நீயா இருமினே?"

"இல்லையே." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "உங்களுக்கும் கேட்டுச்சா?"

மறுநாள் காலை, பேய் அண்டாமல் இருக்க, பட்டப்பகலில் மூலை மூலையாகவும் கூடமெங்கும் சிவப்புப் பயறை இறைத்தார். இறைத்த களைப்பு தீர மாடிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். கூடத்தில் சின்ன மேஜை போடப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு கிண்ணம் சோறு. சோற்றின் நடுவே, செத்தவர்களுக்கு ஊதுபத்தி வைப்பது போல, அவருடைய சிகரெட் ஒன்று நட்டுவைக்கப்பட்டிருந்தது.

பியோங்மான் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார். சத்தியத்தை மீறியது தான்தான், பெண்டாட்டியை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று பெரியவரிடம் கெஞ்சினார். நடுவில் அழுகையும் வந்துவிட்டது, அது நிஜமான அழுகை.

உள்ளே இருமல் வெடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். ரான்ஹீ தலையணையை நெஞ்சோடு அணைத்து, பல்லைக் கடித்து, உடம்பெல்லாம் குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். கிழவன் அவளுக்குள் இறங்கிவிட்டான்.

எதிர்வீட்டு போக்சூன் அக்காவை இழுத்து வந்தார். அக்கா நிதானமாக எட்டிப் பார்த்தாள்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல, தம்பி. சிரிப்பு. சிரிச்சா உயிர் போற வலி, அதான் அடக்குறா. நீங்க மாடிக்குப் போனதும் இவ படுத்தபடியே எனக்குப் போன்ல சொல்லுவா, நான் வந்து எடுத்து வைப்பேன். இன்னிக்குச் சோறும் எங்க வீட்டுச் சோறுதான்."

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார் மனைவியிடம்.

"தலைக்கு ஷாம்பு போட்டீங்களே, விரல் நாறிச்சு. சண்டை போடலாம்னா கத்தினாலும் வலிக்குது."

அவர் பாக்கெட்டைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயடியில் கசக்கிப் போட்டார். திரும்பி வந்து, இனி நிஜமாகவே தொடமாட்டேன் என்று மறுபடி சத்தியம் செய்தார்.

ரான்ஹீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரி. முதல்ல நெத்தியில ஒட்டியிருக்கற பயறைத் தட்டிவிடுங்க. இன்னொரு தரம் சிரிச்சேன்னா தையல் பிரிஞ்சிடும்."