எலுமிச்சம்பழம் உருண்டது

சாவி போட்டு வண்டி கிளப்புகிறவனை டிரைவர் என்றே ஒத்துக்கொள்ளாத மனிதர், எனக்குத் தெரிந்து, அரவேணு சோப்பு அண்ணன் ஒருவர்தான். அவருடைய ஜீப்புக்கும் சாவி உண்டு. அதை அவர் காது குடைய வைத்திருக்கிறார்.

நான் மலையில் அரவேணு ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடை போடும் குமாஸ்தா. கீழே பள்ளத்தில் முப்பது வீடுகள். ஆளுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை. அந்தப் பாதையில் ஃபேக்டரி லாரி இறங்காது. இறங்கித் திரும்ப ஏறுகிற ஒரே வண்டி சோப்பு அண்ணனின் ஜீப். பறித்த இலை மூட்டைக்குள்ளேயே கிடந்து சூடேறிவிட்டால் நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆகவே அந்த ஜீப் ஓடினால்தான் முப்பது வீட்டில் அடுப்பு எரியும்.

ஜீப் நின்றதே இல்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் நிற்கும். அவர் கிளப்பிவிடுவார். அவரிடம் ஸ்பானர் கிடையாது. யாரோ இரவல் கேட்டார்கள், கொடுத்தாராம், அத்தோடு சரி.

டீசல் டேங்க்கில் ஓட்டை விழுந்த அன்றுதான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. டீக்கடையில் கை கழுவ வைத்திருந்த துணி சோப்பை எடுத்துப் பிசைந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து அப்பினார். ஒழுகல் நின்றது. "சும்மா இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானுங்க, நாளைக்குப் பத்த வெச்சுருவேன்" என்றார். ஆறு வருஷம் ஆகிறது. டீக்கடைக்காரர் அதற்குப் பிறகு சோப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கொஞ்ச நாளில் கயிறும் காணாமல் போயிற்று. அது ஜீப்பின் ஆக்ஸிலேட்டரை இழுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் கோத்தகிரிக்கு அவரோடு போனபோது பாதி வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. அண்ணன் என் கழுத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா, இது எம்பட ஊட்டுக்காரி பின்னுன மஃப்ளருங்க."

"கைவேலைன்னா நல்லாத் தாங்குமுங்க. மெசினு வேலைதான் பிரிஞ்சுரும்."

மூன்றாவது வளைவு வரை தாங்கியது. வீட்டுக்குப் போனதும் மனைவி, "மஃப்ளர் எங்கீங்க?" என்றாள். "ஃபேன் பெல்ட்டா இருந்துது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

உறைபனி மாதங்களில் அவர் வீட்டில் இருக்கும் இரண்டு கம்பளியும் இஞ்சின் மேல்தான் கிடக்கும். "எனக்குக் குளுருதுன்னு சொன்னா, பானெட்டத் தொறந்து பக்கத்துல படுங்கறாருங்க" என்று அவர் மனைவி என்னிடமே முறையிட்டிருக்கிறார்.

ஆனால் இதெல்லாம் சில்லறை வித்தை. அவருடைய அசல் கலை இறக்கம். சாவியைத் திருகினால் இஞ்சினை எழுப்புகிற செல்ஃப் மோட்டார் செத்துப் பதினோரு வருஷம். அன்றிலிருந்து இறக்கமில்லாத இடத்தில் அவர் வண்டியை நிறுத்தியதில்லை. முன் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுப்பார். கிளம்பும்போது கல்லை எடுத்துவிட்டு, உருளும் வண்டியில் தாவி ஏறி, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விடுவார். இஞ்சின் இருமிக்கொண்டே எழுந்துவிடும். ஆயுத பூஜைக்கு ஜீப்புக்கு ஒரு பொட்டு, அந்தக் கல்லுக்கு மூன்று.

சட்டைப்பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். பக்தி என்று நினைத்தேன். இல்லை. புது இடம் என்றால் பழத்தைத் தரையில் வைப்பார்; எந்தப் பக்கம் உருளுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து வண்டியை நிறுத்துவார். கோயமுத்தூரில் சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்கே அவர் போகவில்லை. "அங்கெல்லாம் ஒரே சமதரைங்க. மனுசன் பொழைக்கற எடமா அது?"

இப்படி இருக்கையில் எப்.சி. வந்தது. வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியானதுதான் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். இத்தனை நாள் சோதனை நடந்தது ஒரு சரிவான ரோட்டில். இந்த வருஷம் புதிதாக ஒரு மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். மலையைச் செதுக்கி, ரோலர் போட்டு, தோசைக்கல் மாதிரி நிரவியிருந்தார்கள். எப்.சி. கிடைக்காவிட்டால் ஜீப் காயலான் கடைக்கு, இலை பள்ளத்திலேயே.

பள்ளத்துக்காரர்கள் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். "நீங்க கூட நின்னீங்கன்னா ஒரு தெகிரியமுங்க" என்றார் பாப்பாத்தியக்கா. வாரம் நான்கு மூட்டை இலை போடுகிறவர், முழங்கால் முடியாதவர்.

மைதானத்தில் எங்கள் முறை வரும்வரை அண்ணன் இஞ்சினை அணைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்தார். டேங்க்கை முகர்ந்து பார்த்து, "வாசனையா இருக்கே?" என்றார். பிறகு, "இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. தள்ளக் கூடாது" என்றார்.

அண்ணன் அணைத்தார். இறங்கினார். சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

அது அசையவில்லை.

இடம் மாற்றி வைத்தார். அசையவில்லை. குனிந்து லேசாக ஊதினார். பழம் மரியாதையாக உட்கார்ந்திருந்தது. "பூஜையா? சீக்கிரம் முடிங்க" என்றார் இன்ஸ்பெக்டர். நான் பாப்பாத்தியக்காவிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் வண்டியில் ஏறினார். கஷாயம் குடிக்கப்போகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு, சாவியைப் போட்டுத் திருகினார். ஒரே திருகில் ஜீப் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் நல்ல இறக்கமாகப் பார்த்து அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"நேத்து கோத்தகிரியில புது செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் போட்டுட்டேனுங்க" என்றார், திருட்டை ஒப்புக்கொள்கிறவர் போல.

"நல்லதுதானுங்கண்ணா. அப்பறம் எதுக்குங்க பழத்த வெச்சீங்க?"

"துளி எறக்கம் இருந்துருந்தாலும் சாவி தேவப்பட்டிருக்காதுங்களே." சாவியை உருவிக்கொண்டே, "எனக்குன்னா போட்டிருக்கமாட்டேனுங்க. வண்டி நின்னுபோச்சுன்னா அந்தப் பாப்பாத்தியக்கா மூட்டையத் தூக்கிட்டு மேட்டுல ஏறுமா? ஊருக்குள்ள மட்டும் சொல்லிப்போடாதீங்க. மானம் போயிரும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த மனிதரை எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிட்டிருப்பார்.

பள்ளத்தில் முப்பது வீடும் காத்திருந்தது. "சமதரையாமுங்களே, எப்படிங்க கெளப்புனாரு?" என்று என்னைத்தான் கேட்டார் பாப்பாத்தியக்கா. அண்ணன் சற்றுத் தள்ளி நின்று சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைகிற கை நின்றது.

இருபது வருஷமாக எடை போடுகிறேன். கால் கிலோகூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. "பாக்கறதுக்குத்தானுங்க சமதரை. அண்ணன் பழத்த வெச்சாரு, உருண்டுருச்சு" என்றேன்.

அரவேணுக்காரர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், மோட்டார் பற்றி மேலே எழுதியதை நம்ப வேண்டாம். பழம் உருண்டது. நான் கூடவே நின்று பார்த்தேன்.