ஒரு கிராம் கூட ஏறாத முயல்

குமாஸ்தா மூன்றாவது முறையாக முயலை எடை மெஷினில் ஏற்றினார். முன்பாதி ஏறியது. பின்பாதி தரையிலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

"பாதியே ஆறு கிலோடி," என்றார் ஈனக்குரலில்.

"மீதியை நாளைக்கு நிறுக்கலாம். சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.

மூன்று மாதப் பயிற்சிக்குப் போன மேலாளர் விட்டுச்சென்ற முயல் அது. வந்த அன்று சட்டைப்பைக்குள் அடங்கியது. "எப்படிக் கொடுக்கிறேனோ அப்படியே திருப்பித் தரணும். முயலைப் பொறுப்பாப் பாத்துக்கிறவர்தான் நாளைக்கு ஒரு செக்‌ஷனையும் பாத்துப்பார்," என்று சொல்லியிருந்தார். தலைமைக் குமாஸ்தா நாற்காலி காலியாக இருந்தது. பதினேழு வருடம் கோப்பு புரட்டியவரின் தகுதியை முயலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிர்வாகம் என்றால் சும்மாவா?

முயலோ நாய் அளவுக்கு நின்றது. நாளை மறுநாள் மேலாளர் வருகிறார்.

தீனியைக் குறைத்தார். அது மேஜைமேல் இருந்த பதவி உயர்வு விண்ணப்பத்தைத் தின்றுவிட்டது. மாடிப்படியில் பத்துமுறை ஏற்றி இறக்கினார். முயலுக்குப் பசி இரட்டித்தது; அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"வளர்ந்துடுச்சுன்னு சொல்லிட்டாத்தான் என்ன? நம்ம பொண்ணுகூடத்தான் வளர்ந்தா. யாராவது கேட்டாங்களா?"

"உனக்கு ஆபீஸ் தெரியாது. அங்க எது வளர்ந்தாலும் விளக்கம் கேப்பாங்க."

மறுநாள் முயலைப் போர்வையில் சுற்றிப் பிராணிக் கடைக்குத் தூக்கிப்போனார், பாவம்.

"இதை வச்சுக்கிட்டு, காதுல இதே மாதிரி கரும்புள்ளி இருக்கிற குட்டி ஒண்ணு கொடுப்பா."

கடைக்காரர் முயலைப் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களாண்ணே?"

"யோசிக்கவெல்லாம் நேரமில்லப்பா."

குட்டியைக் கையில் திணித்த கடைக்காரர், அவர் மனம் மாறுவதற்குள் கதவை இழுத்துச் சாத்தினார்.

மேலாளர் நேரே குமாஸ்தாவின் வீட்டுக்கே வந்தார். குட்டியை உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா?"

"அதேதான் சார்!" குமாஸ்தாவின் நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு கிராம் கூட ஏற விடல."

மேலாளர் வாய் திறப்பதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மேலாளரின் டிரைவர் மூச்சிரைக்க எட்டிப்பார்த்தார்.

"ஐயா, பெரிய ஜாதி முயல், மூணு மாசத்துல ஆடாட்டம் வளர்ந்திருக்கும்னு நீங்க சொன்ன அளவுக்கே கூண்டு செஞ்சுட்டேன், படியில ஏற மாட்டேங்குது, முயலை நடத்தியே கூட்டிட்டு வந்துடுங்க!"