மீன் தொட்டியில் நவக்கிரகம்

கிராண்ட் பே,
1966 ஆகஸ்டு, ஞாயிறு காலை.

அன்பும் அதட்டலும் ஒருங்கே நிறைந்த அத்தான் வீரசாமி அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் நாகலிங்கம் தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சின்னம்மாவும் சுகம். அக்காவின் முழங்கால் வலியும் உங்களுடைய கோபமும் தணிந்து, ரோஸ் பெல்லில் எல்லோரும் நலமாயிருக்க முருகன் அருள் புரிவானாக.

பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாகவும், கோயில் கட்டுகிறவன் மீனுக்கு வீடு கட்டப் போனால் இப்படித்தான் ஆகும் என்றும், எந்த பஸ்ஸில் வருகிறோம் என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அது உங்கள் வீடாக இருப்பது ஒன்றுதான் குறை. சின்னம்மா கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஓர் அடுப்புக்கு ஆசைப்படுகிறாள். அந்த அடுப்பு இந்த மீன் தொட்டிக்குள் மாட்டிக்கொண்டதுதான் விஷயம்.

ஓட்டல் முதலாளி ரொழே துரை, சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே நாலு பக்கமும் கண்ணாடி வைத்து ஒரு பெரிய தொட்டி கட்டச் சொன்னார். கட்டினேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடல்தண்ணீர் நிரப்பினோம், ஜான்-க்ளோட் என்ற மீனவன் கலர் கலராக மீன் பிடித்து வந்து விட்டான். உள்ளே பாறை அடுக்குவதுதான் பாக்கி. அது மட்டும் 'நாத்திரெல்' ஆக, கடலே வைத்த மாதிரி இயற்கையாக இருக்க வேண்டுமாம்; அப்படி அமைந்துவிட்டால் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு நிரந்தரம், சமையல்கட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்ன வீடும் எங்களுக்கு. இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். கருங்கல்லும் செத்த பவளப்பாறையும் பொறுக்கி வந்து, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் பார்த்து, ஒரு கல் முன்னே பின்னே போகாமல் அடுக்கினேன். துரை வந்து பார்த்தார். "மிஸ்யே நாகலிங்கம், இது சுவர். கடலுக்குள்ளே யார் வந்து சுவர் கட்டுறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

பிரித்தேன். இந்தத் தடவை சுவர் கூடாது என்று, கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும், மீன் போய்வர நடுவில் ஒரு வாசலும் விட்டு எழுப்பினேன். உச்சியில் வெள்ளைப் பவளம் ஒன்று கலசம் மாதிரி வந்து உட்கார்ந்தது. நான் வைக்கவில்லை அத்தான், என் கை வைத்துவிட்டது. மறுநாள் காலை பார்த்தால், சமையல்காரி லிலியான் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டிருக்கிறாள், துணி துவைக்கிற கோவிந்தம்மா பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். "இது மாதா குகை"ன்னு இவ. "உங்க மாதா குகைக்குக் கலசம் எதுக்குடி?"ன்னு அவ. இவ மெழுகுவர்த்தியை எடுக்க, அவ கற்பூரத்தை எடுக்க, துரை வந்து இரண்டு பேரையும் வேலைக்குத் துரத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானே பிரித்தேன்.

மூன்றாவது முறை ரோஷம் வந்துவிட்டது. வரிசை கூடாது, ஒசரம் கூடாது, ஒன்று பார்க்கிற பக்கம் இன்னொன்று பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு திசையில் திருப்பி வைத்தேன். வைத்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது கல். நடுவில் ஒன்று, சுற்றி எட்டு, ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல் நிற்கின்றன. இது போதாதென்று ஒரு மஞ்சள் மீன் முன்னே போக, மற்ற மீனெல்லாம் பின்னாலேயே வலமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. சனிக்கிழமை கோவிந்தம்மா எள் விளக்கோடு வந்தாள், ஏழரைச் சனி பிடித்த மருமகனையும் கையோடு இழுத்து வந்தாள். "ஒன்பது சுத்து சுத்துடா, மீனே சுத்துது, உனக்கென்ன?"ன்னு அவனை விரட்ட, அவன் மேசை நாற்காலியெல்லாம் இடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்ற, துரை காப்பிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். அடுத்த ஞாயிறு பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து விருந்தாளிகள் வருவதாகவும், அதற்குள் தொட்டி கடல் மாதிரி ஆகாவிட்டால் அதில் மண்ணைக் கொட்டி ரோஜாச் செடி வைக்கப் போவதாகவும், நான் பெட்டியைக் கட்டலாம் என்றும் சொன்னார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார், அதுதான் பயமாயிருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஜான்-க்ளோட் படகில் ஏறி, அடியில் கண்ணாடி வைத்த பெட்டியைத் தண்ணீரில் அமுக்கி, கடலடியைப் பார்த்தேன். அத்தான், அங்கே ஒரு கல்லும் ஒழுங்காக இல்லை! ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து கிடக்கிறது, பாதி மணலுக்குள் புதைந்து கிடக்கிறது, நடுவிலே இருட்டுப் பொந்து, கல்லைவிடக் காலி இடம்தான் அதிகம். ஆனாலும் அவ்வளவு அழகு. இத்தனை வருஷம் இந்தத் தீவில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் போனோமே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜான்-க்ளோட் முங்கி எடுத்துக் கொடுக்க, அங்கிருந்தே ஓட்டை ஓட்டையாக நல்ல கல் சிலதை அள்ளி வந்தேன். மீன்களைப் பீப்பாய்க்கு மாற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை முழுக்கக் கோணலாக வைக்கப் பார்த்தேன். ஒரு கல்லைச் சாய்த்து வைத்தால் அடுத்த கல்லை வைக்கும்போது இடது கை போய் அதை நிமிர்த்திவிடுகிறது. "உங்க கை கோயில் கை. அதுக்குக் கோணல் தெரியாது. விடுங்க, நான் பாத்திரத்தைக் கட்டுறேன்"னு சின்னம்மா சொன்னாள். திட்டவில்லை. அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

நேற்றுக் காலை கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூடத்துக்குப் போனேன். என்ன சொல்வேன் அத்தான்! நான் அடுக்கியது எதுவும் இல்லை. பெரிய கல் சரிந்து சின்னதின்மேல் சாய்ந்திருக்கிறது, கீழே ஒரு குகை, மணல் மேடும் பள்ளமுமாக அலையடித்த மாதிரி, படகிலிருந்து பார்த்த அதே கடல்! குனிந்து பார்த்தால் குகைக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்க்கிறது. ஓட்டைக் கல்லோடு ஓர் உரிட்டும், அதுதான் நம்ம பேய்க்கணவாய், கூடவே வந்திருக்கிறது. எனக்கு இருப்பது இரண்டு கை, அதுக்கு எட்டு. பிடிக்காத கல்லையெல்லாம் தள்ளிவிட்டு, தன் வசதிக்கு வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. துரை வந்தார், பார்த்தார், இரண்டு கையையும் விரித்தார். "வுவாலா! இதோ, நாத்திரெல்! மிஸ்யே நாகலிங்கம், இந்தக் கையை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தக் கை என்று நானும் விளக்கப் போகவில்லை. மீன்களைத் திரும்ப விட்டோம். சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட்டார். இன்று காலை சின்னம்மா தன் அடுப்பில் பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்ததைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு அது போதும்.

ஆகவே அத்தான், எங்களுக்காக இனிக் கவலை வேண்டாம். வெள்ளையடித்த அறையில் தாராளமாக உங்கள் ஆடுகளைக் கட்டலாம். அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் ஆசீர்வாதம் மட்டும், யோசனை கலக்காமல், எங்களுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உத்தியோகஸ்தன்,
நாகலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விருந்தே முடிந்துவிட்டது. விருந்தாளிகள் தொட்டியை விட்டு நகரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் துரை, வாசலருகே இதைவிடப் பெரிதாக இன்னொரு தொட்டி வேண்டும், அதுவும் இதே போல நாத்திரெலாக இருக்க வேண்டும் என்றார். நம் கூட்டாளியை உள்ளே விட்டால் ஒரே ராத்திரி வேலை என்று தைரியமாகத் தலையாட்டிவிட்டு வந்து குனிந்து பார்க்கிறேன், குகையில் ஆளில்லை. காலையில் தொட்டியிலிருந்து இறங்கிச் சமையல்கட்டுப் பக்கமாக நடந்து போயிருக்கிறது. "விருந்து நாளும் அதுவுமா ஆண்டவரே அனுப்பிவச்சார்"னு லிலியான் சட்டியில் போட்டுவிட்டாள். அது தெரியாமல் மத்தியானம் உரிட் கறி ஏ-ஒன் என்று நான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் அத்தான். ஜான்-க்ளோட் படகை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்; கொஞ்சம் வேலை தெரிந்ததாகப் பார்த்துப் பிடித்து வரச் சொல்லியிருக்கிறேன், கட்டாயம் கிடைக்கும். ஆடுகளை மட்டும் இப்போதைக்கு வெளியிலேயே கட்டுங்கள்.