ஒரு வயர் மிஞ்சுகிறது

“எல்லாம் மாட்டியாச்சு சகலை. ஆனா ஒண்ணு மிஞ்சுது.”

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பல் டாக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. கால் வைக்கிற இடத்தில் அவர் தலை இருந்தது. தலை சாய்க்கிற இடத்தில் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கையில் ஒரு சிறிய டார்ச்.

பானெட் அருகே வயர் கட்டோடு வந்த வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி நின்ற சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் இன்ஷூரன்ஸ் அதிகாரி. விபத்து முடிந்த பிறகு போய்ப் பார்த்துத்தான் பழக்கம். நடக்கும்போது கூடவே நின்று பழக்கமில்லை.

“என்ன கலர்?”

“பழுப்பு.”

“படத்துல பழுப்பையே காணோமே. ஸ்பேரா குடுத்திருப்பான், விடுங்க. சட்டைக்கு ரெண்டு பட்டன் அதிகமா தைச்சுக் குடுக்கிறதில்லையா?”

பல் கட்டி முடித்து நோயாளியை அனுப்பிய பிறகு கையில் ஒரு பல் மிஞ்சினால் என்ன அர்த்தமோ, அதுதான் இதற்கும் அர்த்தம் என்று பல் டாக்டருக்குத் தோன்றியது.

கார் மாமியாருடையது. மாமியாருடைய அப்பா, மகளின் கல்யாணத்துக்குக் கொடுத்தது. அகன்ற மூக்கும் உருண்ட கண்ணுமாக, பார்ப்பதற்கு அவரைப் போலவே இருக்கும். வீட்டில் அதற்கு ‘அப்பா வண்டி’ என்று பெயர். மாமனார் ஓட்டுவார், மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்து ஓட்டவைப்பார். அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் மாமனாருக்கு ஒரு வாரம் வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளிருக்காது.

பல் டாக்டரின் சொந்த வீட்டில் தரை மாற்றும் வேலை நடந்ததால், அவரும் மனைவியும் கொஞ்ச நாளாக இங்கேதான் இருந்தார்கள். போன வாரம் மாமனார் ஊருக்குக் கிளம்பினார். பழைய நண்பருக்கு உடம்பு முடியவில்லையாம். வாசல்வரை போனவர் திரும்பி வந்து மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார்.

“மாப்பிள்ளை, நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க. பேட்டரி வயரைக் கழட்டி வச்சிருக்கேன். அப்படியே கிடக்கட்டும்.”

சொன்னால் கேட்டிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமே மாமியார், “வெளிய போனா போன்ல சார்ஜ் நிக்கமாட்டேங்குது. எல்லார் கார்லயும் சார்ஜர் இருக்கு, எங்க அப்பா வண்டியில மட்டும்தான் இல்லை” என்று ஒரு பெருமூச்சு விட்டார். மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாப்பிள்ளைக்கு அந்தப் பெருமூச்சு பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது. மறுநாளே ஒரு சார்ஜர் வாங்கி வந்து டேஷ்போர்டில் இணைத்து, பேட்டரி வயரை மாட்டி, சாவியைத் திருப்பினார்.

டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது.

பதறிப்போய் வயரைப் பிடுங்கி எறிந்து உள்ளே பார்த்தால், வயர் கட்டு முழுக்கக் கருகிக் கிடந்தது. சார்ஜர் மாட்டியது ஒரு மூலையில், கருகல் மறுகோடிவரைக்கும். ஒரு கண நேரத்தில் நெருப்பு இவ்வளவு தூரம் ஓடுமா என்று அவரே அசந்துபோனார். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் விஷயம் தெருவுக்கே தெரியும். பழைய கார் சாமான் விற்கும் கடையில் சொல்லி, இந்த மாடலுக்கான புது வயர் கட்டு வரவழைத்தார். அது இன்று காலையில்தான் வந்து சேர்ந்தது.

இன்று மாலை ரயிலில் மாமனார் வருகிறார். அவரை அழைத்துவர அப்பா வண்டியில்தான் போகவேண்டும் என்று மாமியார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

“இப்ப பேட்டரியக் குடுங்க, பாத்துடலாம்” என்றார் பல் டாக்டர்.

சகலை ஸ்பானரை எடுத்து வயரைப் பேட்டரியில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், ஹாரன் அலற ஆரம்பித்தது. யாரும் தொடாமலே, மூச்சு விடாமல், சந்தையில் குழந்தையைத் தொலைத்தவள் மாதிரி அலறியது.

“எடுங்க! எடுங்க சகலை!”

“என்னது?”

“வயர எடுங்க!”

“காதே கேக்கலை!”

சகலை வயரை இழுத்தார். தீப்பொறி பறந்தது. அவர் ஸ்பானரை எறிந்துவிட்டு கார் ஷெட்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஹாரன் நின்றது. அந்த அமைதியில் சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

“யாருடீ வந்திருக்கா?”

“யாருமில்லம்மா, அவர் ஹாரனைத் துடைக்கிறார்!” என்றாள் பல் டாக்டரின் மனைவி. பிறகு ஷெட்டுக்கு ஓடிவந்து, குரலைத் தாழ்த்தி, “என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்? அலமாரியில இருந்த புடவையெல்லாம் எடுத்து மறுபடி மடிக்க வச்சுட்டேன். இனிமே என்ன சொல்லி அவங்கள உள்ள வைக்கிறது?” என்றாள்.

“இன்னொரு அலமாரி இல்லையா?”

அவள் முறைத்துவிட்டுப் போனாள்.

பல் டாக்டர் ஹாரன் வயரையும் அதன் பக்கத்து வயரையும் இடம் மாற்றினார். இந்த முறை பேட்டரி கொடுத்தபோது ஹாரன் வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பல் டாக்டர் நிம்மதியாக சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். ஹாரன் அடித்தது.

“பரவாயில்லையே, நிறுத்தும்போது எல்லாரும் விலகிப்பாங்க” என்றார் சகலை.

“பின்னாடி லைட் எரியுதா?”

“அது எரியலை. வைப்பர் ஆடுது.”

வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். இடப்பக்க ஹெட்லைட் கண்ணடித்தது. ஹெட்லைட்டைப் போட்டார். எதுவும் எரியவில்லை, பெட்ரோல் முள் மட்டும் வெட்கப்பட்டதுபோல் மெதுவாகக் கீழே இறங்கியது. பல் டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“சகலை, அந்தப் படத்துல ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு?”

சகலை படத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அந்தப் பக்கம்.”

“நம்ம வண்டியில?”

“இந்தப் பக்கம்.” கொஞ்சம் நிறுத்தி, “வேற நாட்டுக்காரனுக்குப் போட்ட படம் போலிருக்கு” என்றார்.

காலையிலிருந்து இடது என்று சகலை படிக்கப் படிக்க, இவர் இடதில் மாட்டியதெல்லாம் வலதுக்கு உரியது. பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கோபப்படக்கூட நேரமில்லை. மறுபடியும் தலைகீழாக உள்ளே போனார். விரல்களுக்கு இடுக்கில் வேலை செய்து பழக்கம் இருந்தது; இந்த வாய் மட்டும் கொஞ்சம் பெரியது. ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஒவ்வொன்றாக மாட்டினார். மேலே, வெயில் ஷெட்டின் கதவிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

“சின்ன மாப்பிள்ளை! நான் ரெடி.”

தூக்கிய தலை டேஷ்போர்டில் நங்கென்று மோதியது. மாமியார் பட்டுப்புடவையும் கைப்பையுமாக ஷெட் வாசலில் நின்றிருந்தார். பின்னால் மனைவி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கே அத்தை. உள்ள போய் உக்காருங்க, கூப்பிடுறேன்.”

“உள்ள உக்காந்தா புடவை மடிக்கச் சொல்றா. நான் வண்டியிலயே உக்காந்துக்கிறேன்.”

தடுப்பதற்குள் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சகலையின் முகம் வெளுத்தது. கருகிப்போன பழைய வயர் கட்டை அந்த சீட்டுக்கு அடியில்தான் அவர் திணித்து வைத்திருந்தார்.

“ஏதோ குத்துதே?” என்றார் மாமியார், இடம் மாறி உட்கார்ந்தபடி.

“ஸ்பிரிங்கு அத்தை” என்றார் சகலை. “வயசாகுதில்ல.”

“யாருக்கு?”

“ஸ்பிரிங்குக்கு!”

மாமியார் மூக்கை உறிஞ்சினார். “என்னவோ கருகின வாடை வேற வருது.”

பல் டாக்டருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. “என் சட்டையா இருக்கும் அத்தை. பல்லு ராவும்போது வர்ற வாடை. எவ்வளவு துவைச்சாலும் போறதில்லை.”

“கஷ்டமான தொழில்தான்” என்று மாமியார் பரிதாபப்பட்டார். பிறகு முன்சீட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார். “இந்த வண்டியில ஒரு ஸ்க்ரூவைக்கூட எங்க அப்பா மாத்த விடமாட்டார். ‘இது என் பொண்ணு மாதிரி, இவளுக்கு வேற ஆள் கை படக்கூடாது’ன்னு சொல்வார். உங்க மாமனாருக்கே ஓட்டறதுக்கு மட்டும்தான் அனுமதி. திறந்து பாக்க அனுமதி இல்லை.”

அந்த நேரத்தில் அந்தப் பொண்ணின் வயிற்றுக்குள் மாப்பிள்ளையின் இரண்டு கையும் முழங்கைவரை இருந்தன.

“நீங்க அடியில என்ன பண்றீங்க?”

“தூசி அத்தை. இங்கதான் நிறைய சேருது.”

“நல்லா துடைங்க” என்று உத்தரவிட்டு, மாமியார் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வயர்கள் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. பழுப்பு மட்டும் இன்னும் கையில் இருந்தது. அதற்கு வீடே இல்லை. பல் டாக்டர் கிளினிக் பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தார். டேஷ்போர்டுக்குப் பின்னால், கை போகாத இடத்துக்கெல்லாம் அதை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைவாயில் ஒளிந்திருக்கும் சொத்தை மாதிரி, தகரத்தின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ தென்பட்டது. பெயின்ட் பூசி மூடியிருந்தது.

“சகலை, பழுப்புதான் எர்த்து!” என்று கிசுகிசுத்தார். “எல்லாத்துக்கும் சேத்து ஒரே எர்த்து. அது வண்டியோட உடம்புல படாம, கரண்ட்டு திரும்ப வழி தெரியாமத்தான் ஊரெல்லாம் சுத்தியிருக்கு.”

பல் சுரண்டும் கொக்கியால் பெயின்ட்டைச் சுரண்டினார். சரக், சரக்.

“என்ன சத்தம் அது?” என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமலே.

“பல்லுக் காறை அத்தை” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “வந்து... அழுக்கு.”

தகரம் பளிச்சென்று தெரிந்ததும் பழுப்பு வயரை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். எழுந்து உட்கார்ந்தார். சாவியைக் கொஞ்சம் திருப்பினார். சகலை பேட்டரி வயரை மாட்டிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஹாரன் அடிக்கவில்லை. பல் டாக்டர் பிரேக்கை மிதித்தார், மூச்சை அடக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடிய சகலை கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வலது இண்டிகேட்டர் வலதில் கண் சிமிட்டியது. இடது, இடதில். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எரிந்தன. வைப்பர், ஆடு என்றபோது ஆடி, நில் என்றபோது நின்றது. சாவியை இன்னும் கொஞ்சம் திருப்பினார். எஞ்சின் ஒரு முறை செருமி, உறுமலோடு உயிர்பெற்றது.

மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். சகலை, தானே பெற்றெடுத்ததுபோல் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

“போலாமா?” என்றார் மாமியார்.

வண்டி கம்பீரமாக வெளியே வந்தது. வாசல் கேட்டைத் தாண்டப்போன நேரத்தில், எதிரே ஒரு டாக்ஸி வந்து வழியை மறித்து நின்றது. அதிலிருந்து மாமனார் இறங்கினார்.

“ரயில்ல வரேன்னு சொன்னீங்க?” என்று மாமியார் பின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “அப்பா வண்டியில வந்து அழைச்சுட்டு வரலாம்னு கிளம்பிட்டேனே!”

மாமனார் அவரைப் பார்க்கவே இல்லை. எரிந்துகொண்டிருந்த ஹெட்லைட்டுகளைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார். ஏதோ பேயைக் கண்டவர் மாதிரி ஓரடி பின்வாங்கினார்.

“இது... ஓடுதா?”

“ஓடாம என்ன? காலையிலேருந்து சின்ன மாப்பிள்ளை துடைதுடைன்னு துடைச்சு வச்சிருக்கார்.”

மாமனாரின் பார்வை மெல்ல மாப்பிள்ளையின் மேல் வந்து நின்றது. கிரீஸ் அப்பிய கை, கன்னத்தில் கரி, சட்டைப் பையில் பல் கண்ணாடி. பல் டாக்டர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தொடாதே என்று தோளைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போன மனுஷர். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாம் தெரிந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. அத்தையின் முன்னால் சொல்லிவிட்டு, இரவே தரை இல்லாத சொந்த வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

“மாமா, என்னை மன்னிச்சுடுங்க. உங்ககிட்டயும் அத்தைகிட்டயும் ஒரு விஷயம் சொல்லணும். வண்டியோட வயரிங்...”

“வேண்டாம்!” மாமனார் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியது. “ஒண்ணும் சொல்லவேண்டாம் மாப்பிள்ளை. உள்ள போய்ப் பேசிக்கலாம். தனியா.”

“வயரிங்குக்கு என்ன?” என்று கேட்டபடி மாமியார் கதவைத் திறந்து இறங்கினார்.

சகலை வானத்தைப் பார்த்தார். அப்போது டாக்ஸிக்காரர், டிக்கியிலிருந்து சாக்கு சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் வாயிலிருந்து சிவப்பும் பச்சையும் பழுப்புமாக வயர்கள் தொங்கின.

“ஐயா, இதை மறந்துட்டீங்களே! நீங்க ரேடியோ மாட்டப்போய்க் கருக்கிட்ட வயருக்குப் பதிலா வாங்கினது, வீட்டம்மா கண்ணுல படாம ஷெட்டுல வச்சிடுன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தீங்க... ஷெட்டு எந்தப் பக்கம்?”