லாயக்காரன் நீட்டிய விரல்

செரேனாவுக்கு நாற்பதாவது ரோஜாவைக் கொடுத்ததும், பக்கத்தில் நின்ற குதிரை லாயக்காரன் போர்க் வெட்கப்பட்டான்.

ஜெர்வே திரையை முறைத்தான். வெளிவரப்போகும் வீடியோ கேம்களை முன்கூட்டியே ஆடிப் பிழை கண்டுபிடிப்பது மாண்ட்ரியாலில் அவனுக்கு வாய்த்த உத்தியோகம். இன்றைய வேலை, கேமில் வரும் சத்திரக்காரி செரேனாவைக் காதலித்துக் கல்யாணம் வரை போவது. ஆனால் எதைக் கொடுத்தாலும் காதல் புள்ளி போர்க்குக்கே ஏறியது.

போர்க்கைத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளிப் பார்த்தான். அவன் அதைச் செல்லச் சீண்டலாக எடுத்துக்கொண்டான். இன்னும் பத்துப் புள்ளி. கடைசியில் ஜெர்வே மோதிரத்தோடு செரேனா முன் மண்டியிட்டான். போர்க் கண்ணீர் மல்க விரலை நீட்டினான். ஊரே கூடி மணி அடித்தது.

கடுப்போடு பிழை அறிக்கை எழுதி, அந்தக் காதல் கதையை எழுதிய ஓடிலுக்கு அனுப்பினான். மூன்று மாதமாக ஓடில் மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. தினமும் காலை ஏழு மணிக்கே வந்து, காவலர் ரெஜான் மாடி சுற்றப் போகும் நேரம் பார்த்து, அவள் மேசையில் மேப்பிள் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு ஓடிவிடுவான். பேசியது மட்டும் இல்லை. திங்கட்கிழமை அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆபீசுக்கு மாறுகிறாள். இன்று விட்டால் போச்சு.

ஓடில் நேரிலேயே வந்துவிட்டாள்.

"இது பிழை இல்ல ஜெர்வே. பேச்சு வர்ற இடத்தையெல்லாம் நீ தாண்டித் தாண்டிப் போயிருக்கே."

பிழை தேடுகிறவர்களுக்கெல்லாம் உள்ள வியாதி அது. ஒரே வசனத்தை இருநூறு தடவை கேட்க யாருக்குப் பொறுமை?

"செரேனாகிட்ட ஒரு வார்த்தை பேசாம பொருளை மட்டும் வச்சா, பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க எடுத்துப்பாங்க. நான்தான் அப்படி எழுதினேன்."

யாரோ மண்டையில் நறுக்கென்று குட்டியதுபோல் இருந்தது ஜெர்வேக்கு. எழுந்து நின்றான். நாளைக்குத் தன்னோடு ஐஸ் சறுக்க வருவாளா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டான்.

ஓடில் சிரித்தாள். "என்னைப் பார்த்தாலே ஓடுறியே, பிடிக்கலைபோலன்னு நினைச்சேன். வர்றேன்."

சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப அந்த பிஸ்கட் உனக்குப் பிடிச்சுதா?"

"எந்த பிஸ்கட்?"

வாசலில் நின்ற ரெஜான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஹீட்டருக்குப் பக்கம்னு தினம் காலைல நான் உட்கார்ற மேசை அது தம்பி, ஆபீஸ்ல ஒருத்தி என்னைக் காதலிக்கிறான்னு வீட்டுல சொன்னதுலேர்ந்து, பயந்துபோய் மூணு மாசமா என் பொண்டாட்டி என்னைத் தாங்கு தாங்குன்னு தாங்குறா, தயவுபண்ணி நிறுத்திடாதே."