ஐம்பத்தொன்பது ஆமணக்கு

பூமாலையை ராஜாங்கம் கடைசியாக உயிரோடு பார்த்தது தை மாதக் கடைசியில், ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே இருக்கும் தன் மேட்டுக்காட்டு வரப்பில். பூமாலை குழாய் பதிக்கிறவர். அன்று கடைசி இணைப்பை ஒட்டி, மண்ணைத் தள்ளி மூடி, அதன்மேல் ஓர் ஆமணக்கு விதையை ஊன்றிக் காலால் மிதித்துவிட்டார்.

கீழே கிணறு. மேலே ஒரு ஏக்கர் மேட்டுக்காடு. நடுவில் ஆயிரத்து இருநூறு அடி. இருபது அடிக் குழாய் அறுபது, இணைப்பு ஐம்பத்தொன்பது. ஒவ்வோர் இணைப்புக்கு மேலும் ஓர் ஆமணக்கு விதை.

“இது இன்னாத்துக்கு பூமாலை?” என்று கேட்டார் ராஜாங்கம்.

“அடையாளம்ண்ணா. மண்ணுக்குள்ள போய்ட்டா குழாய் எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்? செடி நிக்கற எடம் ஜாயிண்ட்டு. அதுல எந்தச் செடி மத்ததைவிட ஜாஸ்தியா கொழுத்து நிக்குதோ, அங்க கசியுதுன்னு அர்த்தம். அந்த எடத்த மட்டும் தோண்டுனா போதும்.”

“எல்லாச் செடியும் கொழுத்து நின்னா?”

பூமாலை சிரித்தார். “முப்பது வருசத்துல அப்பிடி ஒண்ணும் நான் பாத்ததில்ல. நின்னா என்னைக் கூப்புடுங்க.”

பத்து நாள் கழித்து நெஞ்சு வலிக்கிறது என்று திருக்கோவிலூருக்கு வண்டியேறிப் போனவர், உயிரோடு வீடு திரும்பவில்லை. அவருடைய சாவுக்கும் இனி வரப்போகும் சங்கதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இது ஓர் அலுவலகம் வந்து போகிற கதை. படிக்கிறவர்கள் சந்தேகப்படுவது இயற்கை.

குழாய்களைக் கொடுத்தது ‘மேட்டுநில நீரேற்ற நிலத்தடிக் குழாய்ப் பாதைத் திட்டம்’. கொடுத்த கையோடு கிணற்றடி வால்வில் சிவப்பு அரக்கு வைத்து முத்திரையும் குத்திவிட்டுப் போனார்கள். கள ஆய்வு முடிவடையும் வரை குழாயில் நீர் செலுத்துதல் ஆகாது என்று ஒரு தாளும் தந்தார்கள். குழாய் சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் அதில் தண்ணீர் விடக் கூடாது, தண்ணீர் விடாமல் குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். யோசித்துப் போட்ட விதி.

ராஜாங்கத்துக்கு அவசரம் இருந்தது. மேட்டுக்காட்டில் மரவள்ளிக் கரணை ஊன்றியாகிவிட்டது. அந்த நிலத்தை மனை போடக் கொடுத்துவிடலாம் என்று மகள் செந்தமிழ்ச்செல்வி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “மேல தண்ணி ஏறட்டும். இந்த வருசமும் வெள்ளாமை இல்லன்னா நீ சொன்னபடியே குடுத்துட்றேன்” என்று பொங்கலன்று எல்லோர் எதிரிலும் வாக்குக் கொடுத்திருந்தார். கரணைகள் துளிர் விட்டு இரண்டு விரல் உயரம் நின்றன. அதுவரை அவரும் கூலிக்கு வரும் குஞ்சம்மாளும் குடத்தில் சுமந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாசி நடுவில் கள ஆய்வாளர் அன்புச்செல்வன் வந்தார். நல்ல மனிதர். வெள்ளை பூட்ஸ் போட்டிருந்தார். செருப்பைக் கழற்றுவது போல அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். மற்றொரு கையில் கைபேசி. இப்போதெல்லாம் அதிகாரிகள் நிலத்தைப் பார்ப்பதில்லை. கைபேசி பார்க்கிறது, அதிகாரி கைபேசியைப் பார்க்கிறார்.

“குழாய் எங்க பெரியவரே?”

“நீங்க நிக்கறதுக்குக் கீழதாங்க, மூணடியில.”

அன்புச்செல்வன் கொஞ்சம் நகர்ந்து நின்றார். “செயலியில ஒரு கேள்வி இருக்கு. ‘குழாய் கண்ணுக்குத் தெரிகிறதா?’ இல்லன்னு போட்டா வேலையே நடக்கலன்னு எடுத்துக்கும்.”

“புதைக்கற குழாய் எப்பிடிங்க கண்ணுக்குத் தெரியும்?”

“நியாயமான கேள்வி. ஆனா அது செயலியில இல்லையே.”

இருபது அடிக்கு ஒரு படம் வீதம் அறுபது படம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

ராஜாங்கம் ஆள் விட்டு ஆயிரத்து இருநூறு அடியையும் தோண்டினார். ஆமணக்கு அதற்குள் சாண் உயரம் வந்திருந்தது. குஞ்சம்மாள் அதைப் பிடுங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

“செத்தவரு ஊனுன வெதை. நான் கை வெக்க மாட்டேன். நீங்களே வேண்ணா புடுங்கிக்குங்க.”

ராஜாங்கமும் பிடுங்கவில்லை. செடி இருந்த இடங்களில் கூடையளவு மண்திட்டை விட்டுவிட்டு இடையில் மட்டும் தோண்டினார்கள். பள்ளத்துக்குள் குழாய் தெரிந்தது, திட்டுக்குத் திட்டு மறைந்து மறைந்து.

பங்குனியில் அன்புச்செல்வன் மறுபடி வந்தார். முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்தினார். முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வி வந்தது. முகம் வாடியது.

“இன்னா சார்?”

“‘குழாய் முழுமையாகப் புதைக்கப்பட்டுள்ளதா?’ன்னு கேக்குது.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?”

“முதல் கேள்விக்கு ஆம்னு போட்டாத்தான் ரெண்டாவது கேள்வியே வரும். எனக்கும் இன்னைக்குத்தான் தெரியுது. இதுவரைக்கும் இந்த வட்டாரத்துல யாரும் இவ்ளோ தூரம் வந்ததில்ல பெரியவரே.” அதில் ஒரு மரியாதை இருந்தது.

“இப்ப மூடிட்டா?”

“மொதல் கேள்வி போயிடும்.”

மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார்கள். குஞ்சம்மாள்தான் சொன்னாள். “செடிக்குக் கீழ பொதைஞ்சி கீது, செடிக்கு அந்தாண்ட தெரியுது. ரெண்டும் ஒரே படத்துல வர மாதிரி புடிச்சா ஆவாதா?”

அன்புச்செல்வன் கைபேசியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். “இவங்க இன்னா படிச்சிருக்காங்க?”

“ஒண்ணும் இல்லீங்க” என்றாள் குஞ்சம்மாள்.

“அதான்” என்றார் அவர்.

படம் பிடித்தார்கள். ‘குழாய் தெளிவாக இல்லை’ என்றது செயலி. பள்ளத்தில் நிழல் விழுந்திருந்தது. கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கள் என்றார் அன்புச்செல்வன். கடப்பாரையை நெம்பி, குழாயைத் தூக்கி, அடியில் கருங்கல் வைத்தார்கள். இருபது அடிக்கு ஒரு கல், அறுபது கல். ஒவ்வொரு முறை நெம்பும்போதும் மண்திட்டுக்குள்ளிருந்து முறுக்கு கடிப்பது போல் ஒரு சத்தம் வந்தது.

“அது இன்னா சத்தம்?” என்றார் அன்புச்செல்வன்.

“மண்ணு ஒதுங்குதுங்க” என்றார் ராஜாங்கம். அவருக்கும் முத்திரை உடைந்தால் போதும் என்று இருந்தது.

செயலி மூன்றாவது கேள்வியைக் கேட்கவேயில்லை. அது படத்தைத் தானே பார்த்து, தானே நிரப்பிக்கொண்டது. ‘பயிர்: ஆமணக்கு.’

“மாத்துங்க சார். மரவள்ளி மேல கீது. இது சும்மா அடையாளத்துக்கு.”

“நாம எழுதினா மாத்தலாம் பெரியவரே. அதுவா எழுதினத எப்பிடி மாத்தறது? விடுங்க. தண்ணி வந்தா சரிதானே?”

சரிதான் என்று ராஜாங்கமும் நினைத்தார்.

சித்திரை இரண்டாம் வாரம் ஆணை வந்தது. ‘மேற்படி பயனாளியின் நிலத்தில் பயிரிடப்பட்டுள்ள ஆமணக்குப் பயிருக்கு மேற்படி நிலத்தடிக் குழாய் வழியே நீர் வழங்கிட இதன்மூலம் இசைவு அளிக்கப்படுகிறது.’ அரக்கை உடைத்தார்கள். கல்லை எடுத்து, பள்ளத்தை மூடினார்கள். குடத்துத் தண்ணீரில் முக்கால்வாசி மரவள்ளி அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ராஜாங்கம் சூடம் கொளுத்தி மோட்டாரைப் போட்டுவிட்டு, வயதை மறந்து மேட்டுக்காட்டுக்கு ஓடினார்.

குழாய் வாயில் காற்று வந்தது. கொஞ்சம் இருமியது. இரண்டு கை தண்ணீர் துப்பியது. அதோடு சரி.

ஒரு மணி நேரம் மோட்டார் ஓடியது. திரும்பி இறங்கி வரும்போது பார்த்தார். ஐம்பத்தொன்பது ஆமணக்கின் காலடியும் ஈரமாக இருந்தது. ஆணையில் என்ன எழுதியிருந்ததோ அதை ஓர் எழுத்துத் தவறாமல் குழாய் நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

பழுது பார்க்க அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். வைகாசிக் கடைசியில்தான் அன்புச்செல்வன் அகப்பட்டார்.

“பழுதா?” அன்புச்செல்வன் கைபேசியைத் தடவினார். “குழாய் எதுக்கு?”

“தண்ணி போறதுக்கு.”

“எதுக்குத் தண்ணி?”

ராஜாங்கம் மடித்து வைத்திருந்த ஆணையை எடுத்து நீட்டினார்.

“ஆமணக்குக்கு. போவுதா?”

“போவுது சார். அதுதான் வெசனமே.”

“அங்கீகாரம் ஆன பாதையத் தோண்டினா மொதல் கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கணும் பெரியவரே. வால்வுக்கு மறுபடி அரக்கு வெக்கணும். வேணுமா?” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ராஜாங்கம் யாருக்கும் தெரியாமல் தோண்டியிருக்கலாம். தோண்டத்தான் இருந்தார். ஆனால் அதற்குள் ஆனி பிறந்துவிட்டது. குடத்துத் தண்ணீர் கத்திரி வெயிலுக்குத் தாங்காமல் மரவள்ளி ஈர்க்குச்சியாகி, ஆட்டுக்காரர்கள் பொறுக்கி அடுப்பெரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். மேலே வருமா என்று அதுவரை தினமும் மோட்டார் போட்டுப் பார்த்ததில் ஆமணக்கு மட்டும் ஆள் உயரம் வந்திருந்தது. இனி எதற்குத் தண்ணீர் ஏற்றுவது?

அவருடைய பாதை வட்டாரத்திலேயே முதலாவதாக அங்கீகாரம் பெற்ற பாதை என்பதால் பெரிய அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். ஆமணக்குக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ‘பயிர் செழிப்பு: மிக நன்று’ என்று எழுதினார்கள். அன்புச்செல்வனுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. ராஜாங்கத்துக்குச் சால்வை. போர்த்தியபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. படத்தில் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

அதைப் பார்த்துவிட்டு நைனார்பாளையம் வரைக்கும் குடியானவர்கள் கயிறு பிடித்து இருபது அடிக்கு ஒரு ஆமணக்கு ஊன்ற ஆரம்பித்தார்கள். கீழே குழாய் போட்டவர்கள் சிலர், போடாதவர்கள் பலர். ஆமணக்கு வரிசையைப் பார்த்ததும் செயலி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ‘ஆம்’ சொல்லியது. விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டு ராஜாங்கத்திடமே வந்தார்கள். அவரும் காய் பறித்துக் கொடுத்தார்.

ஆடிப் பதினெட்டுக்கு மகள் வந்தாள். மேட்டுக்காட்டைப் பார்த்தாள். இறங்கி வரும்போது ஆமணக்கு வரிசைக்கு நடுவில் நின்றாள்.

“ஏம்ப்பா, மேல ஒரு தழை இல்ல, இது மட்டும் இன்னா இப்பிடிக் கொழுத்து நிக்குது? எல்லாமே நிக்குது?”

“எல்லாமே நின்னா கூப்புடச் சொன்னாரு” என்றார் ராஜாங்கம்.

“யாரு?”

“வா, வூட்டுக்குப் போலாம்.”

ஆவணி முடிவதற்குள் மேட்டுக்காட்டில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். ‘அரசு அங்கீகாரம் பெற்ற நிலத்தடிக் குழாய் வசதி உண்டு’ என்று அதில் எழுதியிருக்கிறது. கிணற்றிலிருந்து பலகை வரைக்கும் ஐம்பத்தொன்பது ஆமணக்கு நிற்கிறது. ஒன்றுக்கொன்று உயரத்தில் வித்தியாசமில்லை.